ஒன்பது ஜீப்புக்கு ஒரு பெட்டி

ராசிங்காபுரத்திலிருந்து ஏலக்காட்டுக்குக் காய் எடுக்கப் பெண்களை ஏற்றிப் போகும் ஒன்பது ஜீப்புகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு முதலுதவிப் பெட்டிதான் இருந்தது. தகரப் பெட்டி. வெள்ளைப் பெயிண்ட் அடித்து, மூடியில் சிவப்பாக ஒரு கூட்டல் குறி போட்டு, பக்கவாட்டில் ஜீப் உரிமையாளர் சங்கத்தின் பெயரையும், அதற்குக் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் செயலாளர் முத்துக்கிருஷ்ணனின் பெயரையும் எழுதியிருந்தார்கள். அந்தப் பெட்டி தினமும் காலையில் ஒன்பது தடவை மலையேறி ஒன்பது தடவை இறங்கியது. போடி வட்டாரத்தில் அதைப் போலப் பாடுபட்டு உழைக்கிற ஆளைத் தான் பார்த்ததில்லை என்று தினமும் காய் எடுக்கப் போகும் மகாராணி சொல்வாள்.

விஷயம் இதுதான். ஆடி மாதம் எங்கோ ஒரு எஸ்டேட் பாதையில் ஒரு ஜீப் கவிழ்ந்தது. உடனே மேலே இருப்பவர்களுக்கு முழிப்பு வந்து, ஆள் ஏற்றும் ஒவ்வொரு வண்டியிலும் ஆபத்துக் காலப் பெட்டி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிவாரச் செக்போஸ்ட்டைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். சங்கம் கூடியது. ஒன்பது வண்டிக்கு ஒன்பது பெட்டியா என்று எல்லாரும் தலையில் கை வைத்தபோது, முத்துக்கிருஷ்ணன் எழுந்து கேட்டார்: "ஒம்போது வண்டியும் ஒரே நேரத்துலயாப்பா கவுரப் போகுது? கவுர்ற வண்டிக்கு ஒரு பெட்டி இருந்தாப் பத்தாதா?"

இப்படிப்பட்ட மூளைக்காரரைச் செயலாளராக அடைய சங்கம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஏற்பாடும் அவருடையதுதான். முதல் ஜீப் செக்போஸ்ட்டில் பெட்டியைக் காட்டும். அதிகாரி நோட்டில் ஒரு டிக் போடுவார். ஜீப் இரண்டாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டி, செக்போஸ்ட்டின் கண்ணுக்கு மறைந்ததும் நிற்கும். டீக்கடை வீரணன் அங்கே தன் டி.வி.எஸ். வண்டியோடு காத்திருப்பான். பெட்டியை வாங்கிச் சாக்குக்குள் திணித்துக்கொண்டு கீழே இறங்கி, வரிசையில் நிற்கும் அடுத்த ஜீப்பில் கொடுப்பான். மறுபடி ஏறுவான், மறுபடி நிற்பான். மலைக்கு மேலே போன ஜீப்புகளில் ஒன்றில்கூடப் பெட்டி கிடையாது. செக்போஸ்ட்டில் எதுவும் கவிழ்வதில்லை என்பது மட்டும் செயலாளருக்குத் தோன்றவில்லை.

பெட்டிக்குள் முதல் வாரம் எல்லாம் இருந்தது. அடுத்த வாரம் பஞ்சு செயலாளர் வீட்டு விளக்குக்குத் திரியானது. கத்தரிக்கோல் வீரணன் கடையில் பால் பாக்கெட் வெட்டிக்கொண்டிருந்தது. கட்டுத்துணி ஏதோ ஒரு ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்தது. மருந்து பாட்டில் போன இடம் யாருக்கும் தெரியவில்லை. குடிச்சிருப்பானுக என்பது மகாராணியின் கட்சி. பொருள் எல்லாம் போன பிறகு முத்துக்கிருஷ்ணன் பெட்டிக்கு ஒரு பூட்டு போட்டு, சாவியைத் தன் அரைஞாணில் முடிந்துகொண்டார்.

மகாராணிக்கு நாற்பத்தெட்டு வயது. இருபது வருஷமாகக் காய் எடுக்கப் போகிறாள். பதின்மூன்று பெண்களைத் திரட்டிக் கொண்டுபோய் எஸ்டேட்டில் விடுவதும், சாயங்காலம் எண்ணி ஏற்றிக்கொண்டு வருவதும் அவள் பொறுப்பு. வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய் உலகத்தில் இருக்கும் எல்லாரையும் ஏசும். ஆனால் யாரை அதிகமாக ஏசுகிறாளோ அவர்கள் மேல்தான் அவளுக்கு உயிர். அந்தக் கணக்கில் முதல் இடம் அவள் தம்பி பாண்டியராஜுக்கு. அவனுக்கு நாலு வயதிருக்கும்போது அம்மா போய்ச் சேர்ந்தாள். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் மகாராணிதான். லைசென்ஸ் எடுக்க வைத்ததும், முத்துக்கிருஷ்ணனிடம் சொல்லி அவர் ஜீப்பை ஓட்ட விட்டதும் அவள்தான். அந்த ஜீப்பின் முன்சீட்டில்தான் தினமும் அவள் உட்கார்ந்து போனாள். கூட இருந்து பார்த்துக்கொண்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு நினைப்பு.

அந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காது. இரண்டு வருஷமாகப் பிடிக்காது. முத்துக்கிருஷ்ணனிடம் சொன்னால், "கியர்ல போட்டு நிறுத்துடா, இது என்ன ஏரோப்பிளேனா?" என்பார். அதனால் மேட்டில் நிறுத்தினால் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுக்க பாண்டியராஜ் ஒரு செங்கல் வைத்திருந்தான். மகாராணி வீட்டுச் சுவர் கட்டியபோது மிஞ்சிய கல். ஒரு மூலை உடைந்து, பக்கவாட்டில் நீல டிஸ்டெம்பர் ஒழுகிக் காய்ந்திருக்கும். அவன் காலடியிலேயே கிடக்கும்.

"ஏன்டா, நம்ம வண்டிக்குன்னு ஒரு பெட்டி வாங்கி வச்சா என்ன?" என்று அவள் கேட்டபோது பாண்டியராஜ் சிரித்தான்.

"அடுத்த மாசம் வாங்கித் தர்றேன்னு செயலாளர் சொல்லியிருக்காருக்கா."

"அடுத்த மாசம் வரைக்கும் கவுராம ஓட்டுவியா?"

"உனக்கு வாயில நல்லதே வராதா?"

வராது. மகாராணி தானே ஒன்று தயார் செய்வது என்று முடிவு கட்டினாள். ஊரில் ஊசி போட வரும் நர்சம்மாவிடம் போய் உட்கார்ந்து, வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டு, கிழித்த காலண்டர் தாளின் முதுகில் எழுதி வாங்கிக்கொண்டாள். பிறகு பதின்மூன்று பேரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு சாமான் கொண்டுவரச் சொன்னாள். மறுநாள் வந்து சேர்ந்ததைப் பார்த்தால் ஆபத்துக்கே சிரிப்பு வந்திருக்கும்.

கற்பகம் காப்பித்தூள் கொண்டுவந்திருந்தாள். "வெட்டுக்காயத்துல அப்புனா ரத்தம் நிக்கும்ல மதினி."

"காப்பித்தூள நீ கொண்டாந்துட்ட. பாலும் சீனியும் யாருடி கொண்டாறது? எல்லாத்தையும் காயத்துல ஊத்தி ஒரு ஆத்து ஆத்திருவோம்."

மூத்தவளான மாயக்காள் குலசாமி விபூதியைப் பொட்டலம் கட்டி வந்திருந்தாள். அதை எல்லார் நெற்றியிலும் பூசிவிட்டு மிச்சத்தை அவளிடமே மகாராணி திருப்பிக் கொடுத்தாள். இன்னொருத்தி வீட்டுக்காரன் மிச்சம் வைத்த பாட்டிலை எடுத்து வந்து, வலிக்கு நல்லது என்றாள். வலி யாருக்கு என்று மகாராணி கேட்டதும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா எல்லாம் ஒருத்தி கொண்டுவந்ததில் இருந்தன. ஜீப் கவிழ்ந்தாலும் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

எல்லாவற்றையும் ஏசித் தள்ளிவிட்டு, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை போடி மருந்துக் கடையில் போய் நர்சம்மா சொன்னதை மகாராணியே வாங்கினாள். பஞ்சுச் சுருள், கட்டுத்துணி, கத்தரி, புண் கழுவும் மருந்து, உப்புக் கரைசல் பொட்டலம். இரண்டு பழைய வெள்ளை வேட்டிகளை வெந்நீரில் அலசிக் காயவைத்துக் கிழித்து மடித்தாள். புது பேட்டரி போட்ட டார்ச் லைட், நைலான் கயிறு, ஒரு விசில், ஒரு கனத்த போர்வை, தண்ணீர் பாட்டில். எல்லாம் அடங்கினாற்போலக் கிடைத்தது ஒரு பெயிண்ட் வாளி. வீட்டுக்கு டிஸ்டெம்பர் அடித்தபோது வாங்கியது. மூடியை இறுக்கி அடித்தால் மழைத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகாது. மூடியின் உள்பக்கம் ஆஸ்பத்திரி நம்பர், எஸ்டேட் நம்பர், எல்லார் வீட்டு நம்பரும் மார்க்கர் பேனாவில் எழுதியாயிற்று.

"உன் பங்குக்கு என்னடா குடுக்குற?" என்று தம்பியைக் கேட்டாள்.

"என் பங்குக்குத்தான் செங்கல் இருக்குல்ல" என்றான் பாண்டியராஜ்.

மறுநாள் காலை செக்போஸ்ட்டில் மகாராணி வாளியைத் தூக்கிக்கொண்டு தானே இறங்கினாள். அதிகாரி மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு நோட்டில் இருப்பதுதான் வேதம்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. ஆனா இது வாளி. நோட்டுல பெட்டின்னுதான் இருக்கு. பெட்டி எங்கே?"

பாண்டியராஜ் அவசரமாகத் தகரப் பெட்டியை நீட்டினான். அதிகாரி ஒரு கையில் வாளியையும் மறுகையில் பெட்டியையும் தூக்கிப் பார்த்தார்.

"வாளி கனக்குது. பெட்டி என்ன காத்தாட்டம் இருக்கு?"

"பஞ்சுதான சார் உள்ள. பஞ்சு கனக்குமா?"

"திற, பார்ப்போம்."

"சாவி செயலாளர்கிட்ட இருக்கு சார். தூசி படக் கூடாதுன்னு பூட்டி வச்சிருக்காரு."

பின்னால் வரிசையில் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. இன்னொரு நாள் பார்க்கிறேன் என்று சொல்லி அதிகாரி டிக் போட்டார். மகாராணிக்கு அன்று முழுக்க ஒரே கொண்டாட்டம். செயலாளர் மானத்தைச் செக்போஸ்ட்டில் வைத்து வாங்கிவிட்டதாகக் காய்க்கூடையோடு செடிக்குச் செடி சொல்லிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலமே முத்துக்கிருஷ்ணன் பாண்டியராஜைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டுக்குத் திரும்பியவன் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. ஒன்பது ஜீப்பையும் கழுவி நிறுத்தி, நடுவில் ஒரு ஸ்டூலில் பெட்டியை வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு மாலையும் போட்டிருந்தார்கள். முத்துக்கிருஷ்ணன் வெள்ளைச் சட்டையில் நின்று அதற்குச் சூடம் காட்டினார். கூட்டம் கலைந்த பிறகு மகாராணி சும்மா போகிற போக்கில் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். கனத்தது. நல்ல கனம்.

"என்னடா, உள்ள சாமான் இருக்கு போலயே?"

பாண்டியராஜ் மாவிலையைக் கட்டிக்கொண்டே, "ம்" என்றான்.

தான் செடிக்குச் செடி சொன்னதில் ரோஷம் வந்து செயலாளர் எல்லாம் வாங்கிப் போட்டுவிட்டார் என்று மகாராணிக்குப் பெருமை பொங்கியது. யாரையும் நம்பாதவள், தன் வாய்க்கு அவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை மட்டும் உடனே நம்பினாள். அந்தப் பெருமையில்தான் அடுத்த வாரம், "வாளி காலுல இடிக்குதுக்கா, மேல கட்டிப் போடட்டா?" என்று தம்பி கேட்டதற்குச் சரி என்றாள். வாளி கூரைக் கேரியரில், சாக்குகளுக்கு அடியில், படுதா போர்த்திக் கயிறு கட்டிய இடத்துக்குப் போனது. காலடியில் செங்கலைக் காணவில்லையே என்றும் ஒருநாள் கேட்டாள். எங்கேயாவது கிடக்கும் என்றான். பார்க்கிற கல்லை எல்லாம் பொறுக்கி அண்டை கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. அன்று விடிந்து ஆறரை மணி இருக்கும். மலை முழுக்க மூட்டம். செக்போஸ்ட்டில் டிக் வாங்கிக்கொண்டு ஜீப் இரண்டாவது வளைவைத் தாண்டி மேட்டில் நின்றது. ஈரத்தில் என்ஜினை அணைத்தால் மறுபடி எடுப்பது பாடு என்று பாண்டியராஜ் ஓடவிட்டபடியே நியூட்ரலில் போட்டு, பிரேக்கை இழுத்துவிட்டு, கைக்குக் கிடைத்த ஒரு உருண்டைக் கல்லைப் பின்சக்கரத்தில் முட்டுக் கொடுத்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். வீரணன் கைப்பிடிச் சுவரோரம் சாக்கைப் பிரித்துப் பிடித்தபடி நின்றிருந்தான்.

பெட்டி கைமாறிய நேரத்தில் கல் நழுவியது. ஜீப் பின்னால் உருண்டது. வீரணன் பெட்டியோடு ஒரே தாவில் ஒதுங்கினான். பாண்டியராஜ் ஒதுங்கியிருக்கலாம். வண்டிக்குள் பதின்மூன்று பெண்கள் இருந்தார்கள், சுவருக்கு அப்பால் பள்ளம் இருந்தது. அவன் இரண்டு கையாலும் ஜீப்பைத் தாங்கப் போனான். பம்பர் அவன் வலது காலைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டு நின்றது.

அவன் போட்ட சத்தம் மகாராணிக்கு முன்சீட்டில் கேட்டது. பிரேக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டே, "எறங்குங்கடி, தள்ளுங்க!" என்று கத்தினாள். பெண்கள் குதித்து இறங்கி, பின்னால் நின்று தோளைக் கொடுத்து ஜீப்பை இரண்டடி மேலே தள்ளினார்கள். மாயக்காள் ஒரு கல்லை உருட்டிக் கொண்டுவந்து சக்கரத்தில் கொடுத்தாள். பாண்டியராஜ் சரிந்து ரோட்டில் விழுந்தான். முழங்காலுக்குக் கீழே கால் கோணிக்கொண்டிருந்தது. மழைத்தண்ணீரோடு ரத்தம் ரோட்டில் ஓடியது.

மகாராணியின் ஏசுகிற வாய் ஒரு நிமிஷம் கட்டிக்கொண்டது. வாளி கூரைமேல், படுதாவுக்குள், நனைந்து இறுகிய கயிற்று முடிச்சுகளுக்குக் கீழே இருந்தது. பெட்டி கண்ணுக்கு முன்னால், வீரணன் கையில் இருந்தது.

"அதைக் கொண்டா வெரசா! பூட்ட ஒடை!"

வீரணன் பெட்டியை ரோட்டில் வைத்து ஒரு கல்லால் பூட்டை அடித்தான். பூட்டு பெரிது. பெட்டியில் விலையுள்ள பொருள் அது ஒன்றுதான். கல் வழுக்கியது. கற்பகம் வாங்கி அடித்தாள். மாயக்காள் செயலாளருக்குப் போன் போடச் சொல்லிக் கத்தினாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. மகாராணி தம்பியின் தலையை மடியில் வைத்து, முந்தானையைச் சுருட்டிக் காலில் அமுக்கினாள். முந்தானை ஒரே நொடியில் நனைந்துவிட்டது.

"இன்னும் ஓங்கி அடிடி!"

பாண்டியராஜ் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. பூட்டில் எட்டாவதோ பத்தாவதோ அடி விழுந்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"அடிக்காதீங்க... அதுக்குள்ள ஒண்ணுமில்லக்கா."

"என்னடா சொல்ற? கனமா இருக்கேடா!"

"செங்கல்லு. செயலாளரு கனமா எதையாச்சும் வைன்னாரு. நான்தான் நம்ம கல்ல வச்சேன்."

அந்த நேரம் பார்த்துப் பூட்டு தெறித்தது. மூடி திறந்து, பேப்பர் சுற்றிய செங்கல் ரோட்டில் வந்து விழுந்தது. ஒரு மூலை உடைந்து, பக்கவாட்டில் நீல டிஸ்டெம்பர் ஒழுகிய கல். மகாராணி வீட்டுக் கல். சக்கரத்துக்கு அடியில் இருந்திருக்க வேண்டிய கல்.

"அட நாசமாப் போறவனே!" என்று அலறினாள் மகாராணி. அப்போதுதான் வாய் திரும்பி வந்தது. "கற்பகம், மேல ஏறு! படுதாவ அறுத்துத் தள்ளு! வாளிய எறக்கு!"

ஜீப்பில் கிடந்த அரிவாளால் கயிற்றை அறுத்து வாளியை இறக்கினார்கள். நர்சம்மா சொல்லிக் கொடுத்தபடி பஞ்சை வைத்து, வேட்டித் துணியை மடித்து வைத்து, அதன்மேல் தன் உடம்பு கனத்தை எல்லாம் போட்டு மகாராணி அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே ஏசினாள். அவனை, அவன் முதலாளியை, பெட்டியை, பூட்டைச் செய்தவனை, சூடம் காட்டியதை, தன்னையும் சேர்த்து. மாயக்காள் தன் தூக்கில் இருந்த காப்பியைக் கொடுக்க வந்தாள். வாயில் எதுவும் ஊற்றக் கூடாது என்று விரட்டினாள். இரண்டு குடைகளைக் காலுக்கு இரண்டு பக்கமும் வைத்துக் கட்டினார்கள். போர்வையைச் சுற்றினார்கள். கற்பகம் வாளியில் இருந்த விசிலை எடுத்து ஊதினாள். ரத்தம் துணியோடு நின்றது.

அடுத்த ஜீப் டிரைவர் ஜக்கையன் கீழே பெட்டிக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, விசில் சத்தம் கேட்டு மேலே வந்தான். அவன் வண்டியில் ஏற்றிப் போடி ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து தேனிக்கும் கொண்டுபோனார்கள். காலில் பிளேட் வைத்தார்கள். கால் தப்பியது. நடக்க ஆறு மாதம் ஆகும். இன்னும் கொஞ்ச நேரம் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததை மகாராணி முடிக்க விடவில்லை.

மறுநாள் கண் விழித்துக் கிடந்தவனிடம் கேட்டாள்: "அம்புட்டு நேரம் ஏன்டா சொல்லல?"

"எல்லாரும் இருந்தாங்கள்ல. வெக்கமா இருந்துச்சுக்கா."

உயிர் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது வெட்கம். அவளுக்கு அவனை அறையலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் போர்வையை இழுத்துவிட்டாள். அதிகாரியின் கையில் அவள் வாளி கனத்ததால்தான் பெட்டிக்குக் கனம் தேவைப்பட்டது. அந்தக் கனத்தை நம்பித்தான் வாளியைக் கூரைக்கு ஏற்ற விட்டாள். அந்த நினைப்பு அவளைத் தின்றது.

சாயங்காலம் முத்துக்கிருஷ்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கட்டிலருகே நின்று பாண்டியராஜைத் துக்கமாகப் பார்த்தார். சாமி காப்பாற்றிவிட்டது என்றார். பிறகு மகாராணியைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்.

"அந்தப் பெட்டி எங்க இருக்கு ஆத்தா? மழைக்கு நிறுத்துன வண்டியெல்லாம் சனிக்கெழம ஏறணும்ல."

மகாராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த மனுஷனை ஏசுவதற்குத் தமிழில் வார்த்தை போதாது என்று அவளுக்கே தோன்றியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"சனிக்கெழம வாங்க. தர்றேன்" என்றாள்.

சனிக்கிழமை காலையில் வாய்க்கால் பாலத்து மேட்டில் ஜீப்புகள் வரிசையாக வந்து நின்றன. அங்கேதான் பெண்கள் ஏறுவது வழக்கம். அன்று ஒன்பது வண்டிப் பெண்களும் ரோட்டோரம் நின்றார்கள், ஒருத்தியும் ஏறவில்லை. காய் பழுத்து நிற்கிறது, ஆள் எங்கே, ஆள் எங்கே என்று எஸ்டேட்டுகளிலிருந்து டிரைவர்களுக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. பாண்டியராஜின் ஜீப்பை அன்று முத்துக்கிருஷ்ணனே ஓட்டி வந்திருந்தார்.

"என்ன ஆத்தா இது? ஏறச் சொல்லு. சோலி கெடக்குல்ல?"

"வண்டி நல்லாருக்காண்ணே?"

"நல்லாத்தான் இருக்கு. அவன் அவசரத்துல கல்ல ஒழுங்கா வைக்கல. வண்டிய என்ன சொல்றது?"

"பிரேக்கு பிடிக்குதா?"

"பிடிக்காமலா ஓட்டிட்டு வந்தேன்?"

"அப்பச் சரி." மகாராணி பின்பக்கம் கையைக் காட்டினாள். "எங்க பதிமூணு பேரும் ஏறிக்கிறோம். நீங்க நியூட்ரல்ல போட்டுட்டு, பிரேக்க இழுத்துவிட்டுட்டு, எறங்கி வண்டிக்குப் பின்னாடி போயி நில்லுங்க. பாலத்துச் சுவத்துல முதுகு ஒட்ட நிக்கணும். என் தம்பி நின்ன மாதிரி. ஒரு டீ குடிக்கிற நேரம் நின்னுட்டு வாங்க. அப்பறம் எந்த மலைக்குன்னாலும் ஏறுறோம்."

எட்டு டிரைவர்களும் தங்கள் செயலாளரைப் பார்த்தார்கள். முத்துக்கிருஷ்ணன் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. பிரேக் கம்பியை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். கீழே இறங்கி, பின்பக்கம் நாலு எட்டு வைத்து, சுவரையும் பம்பரையும் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே அவர் போகவில்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் குனிந்து, சக்கரத்துக்கு வைக்க ரோட்டோரத்தில் ஒரு கல்லைத் தேட ஆரம்பித்தார்.

மகாராணி தன் பையிலிருந்து நீல டிஸ்டெம்பர் ஒழுகிய செங்கலை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்கண்ணே, நீங்க கேட்ட பெட்டி. மொதல்ல இத வைங்க. வச்சுட்டு மெக்கானிக்கக் கூப்பிடுங்க. ஒம்போது வாளியும் வாங்கிட்டு வாங்க. நாங்க இங்கதான் இருக்கோம்."

முத்துக்கிருஷ்ணன் செங்கலை வாங்கிச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். சரியாக இறுகவில்லை. மகாராணி அவரை ஒதுங்கச் சொல்லிவிட்டு, காலால் ஓங்கி ஒரு உதை கொடுத்து இறுக்கினாள்.